குப்பையைப் பிரித்தும் பயன் தெரியவில்லையா? அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறியும் வழிமுறை

வீட்டிலோ அலுவலகத்திலோ குப்பையைப் பிரிக்கத் தொடங்கிய சில வாரங்களில் ஏதாவது ஒன்று கோளாறாகும். உரத்தொட்டி நாறும், சேர்த்து வைத்த காகிதத்தை எடுக்க மறுப்பார்கள், அல்லது எல்லாம் ஒழுங்காக நடந்தும் வெளியே போகும் மூட்டை மட்டும் இளைக்காது. இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது இயல்பு உண்டு: பிழை தென்படுவது தொட்டியில், அது நேர்ந்ததோ அதற்கு ஒரு படி முன்னால், ஈரப்பொருளும் உலர்பொருளும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில், அல்லது அந்தப் பொருள் உள்ளே நுழைந்த இடத்தில். அதனால்தான் புதுத் தொட்டி வாங்குவதாலும் நறுமணத் தெளிப்பான் அடிப்பதாலும் எதுவும் சரியாவதில்லை.

கீழே உள்ள பகுதிகளை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை; உங்கள் அறிகுறிக்கு உரியதை மட்டும் பார்த்தால் போதும். ஆயினும், எந்தப் பகுதிக்குச் செல்வதற்கு முன்பும் ஒரு சோதனையை முடித்துவிடுங்கள். கையுறை அணிந்துகொண்டு, உலர் குப்பைத் தொட்டியின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் அதை முதலில் சரிசெய்யுங்கள், ஏனெனில் கீழே சொல்லப்படும் கோளாறுகளில் சிலவற்றுக்கு அந்த ஈரமே வேராக இருக்கும்.

அறிகுறி: உரத்தொட்டி நாறுகிறது

பொதுவாக நாறுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்வு சொல்ல இயலாது. எந்த நாற்றம் என்பதே காரணத்தைக் காட்டும்.

அழுகிய முட்டையின் நாற்றமாக இருந்தால் தொட்டிக்குள் காற்று போகவில்லை என்று கொள்ளுங்கள். மட்கச் செய்யும் நுண்ணுயிர்களில் காற்றை வேண்டுபவையும் உண்டு, காற்றில்லாமல் வாழ்பவையும் உண்டு. ஈரம் மிகுந்து, துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நீர் அடைத்துக்கொண்டதும் முதல் வகை ஒடுங்கி, இரண்டாம் வகை பெருகி, ஹைட்ரஜன் சல்பைடையும் மீத்தேனையும் வெளியிடத் தொடங்குகிறது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் கசிந்தால் ஈரம் 50 முதல் 60 சதவீத அளவில், சரியாகவே இருக்கிறது. நீர் தாரையாக ஒழுகினால் உலர்ந்த சருகு, கிழித்த அட்டை, மரச்சீவல் ஆகியவற்றைச் சேர்த்து அடிவரை கிளறிவிட வேண்டும். மேலே தூவிவிட்டு மூடிவிடுவது பயன் தராது. காற்றில்லாத பகுதி அடியில்தான் இருக்கிறது. தொட்டியின் வடிதுளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. மரத்தூளை மட்டும் அள்ளிக் கொட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது நீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் மிக நொய்யதாகையால் படிந்து இறுகி, திறந்துவிட்ட காற்றுவழியை மீண்டும் அடைத்துவிடும். சருகு போன்ற பருமனான பொருளுடன் கலந்தே அதை இட வேண்டும்.

மூக்கையும் கண்ணையும் எரிக்கும் நெடியாக இருந்தால் அது அம்மோனியா. இங்கே குறை காற்றில் அன்று, கலவையில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு ஏற்ற கலவையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருக்க வேண்டும். சமையலறைக் கழிவில் அது பெரும்பாலும் 20 பங்குக்கும் கீழே, காய்ந்த இலைகளில் 40-க்கு மேல், மரத்தூளில் நூற்றுக்கணக்கில். இந்த எண்களை யாரும் ஒவ்வொரு நாளும் கணக்கிட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. ஒரு கிண்ணம் ஈரக்கழிவு கொட்டினால் அதே கிண்ணத்தால் இரண்டு அல்லது மூன்று முறை உலர்பொருள் கொட்டுவது என்ற பழக்கமே போதும். நாற்றத்தைப் போக்கச் சுண்ணாம்போ சாம்பலோ தூவுவது பரவலான வழக்கம். அம்மோனியா நெடிக்கு அது நேர்மாறான மருந்து. காரத்தன்மை கூடியதும், ஈரத்தில் கரைந்திருந்த அம்மோனியாவும் வாயுவாக மாறி வெளியேறும். நெடி அதிகரிப்பதோடு, உரத்தில் தங்கியிருக்க வேண்டிய நைட்ரஜனும் காற்றில் போய்விடும்.

புளித்த நெடி மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். மட்குதலின் தொடக்கத்தில் கரிம அமிலங்கள் உண்டாவது இயல்பு. கிளறிக் காற்று விட்டால், காற்றை வேண்டும் நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு தீர்த்துவிடும்.

அறிகுறி: குவியல் சூடேறவில்லை

சூடேறாதது எப்போதும் கோளாறு அன்று. ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவு இருந்தால்தான் குவியலால் தன் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொண்டு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏற முடியும். மாடத்தில் வைக்கும் சிறு தொட்டியில் வெப்பம் உண்டாகும் வேகத்திலேயே வெளியேறிவிடுவதால், அது மெதுவாக, பல மாதங்கள் எடுத்துக்கொண்டு மட்கும். அதற்குரிய நிபந்தனை ஒன்று உண்டு: களைச்செடிகளின் விதைகளையும் நோய் தாக்கிய செடிகளையும் அழிக்கத் தேவையான வெப்பம் அத்தொட்டியில் எழாது, ஆகவே அவற்றை அதில் இடக்கூடாது.

பெரிய குவியலாக இருந்தும் குளிர்ந்தே கிடந்தால், கையில் எடுத்துப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். ஈரம் சரியாக இருந்தும் குளிர்ந்திருந்தால் உலர்பொருள் மிகுந்துவிட்டது என்பதே பொருள். பச்சை இலைதழையோ சமையலறைக் கழிவோ சேர்க்க வேண்டும். துண்டுகளின் அளவையும் பாருங்கள். முழுதாக உருட்டிவிட்ட காயைவிட நறுக்கிய காய் பல மடங்கு விரைவில் மட்கும்.

அறிகுறி: புழுவும் கொசு போன்ற சிறு ஈக்களும்

பழ ஈக்கள் வந்தால் ஈரக்கழிவு திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை கொட்டிய பின்பும் விரற்கடை அளவுக்கு மேல் தடிமனாக உலர்பொருளால் மூடுங்கள். சாம்பல் நிறத்தில், பட்டை பட்டையான உடலோடு, தடித்துத் தெரியும் புழுக்கள் பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும் என்பதைத் தவிர அவற்றால் தீங்கில்லை: அந்த ஈ கடிக்காது, கொட்டாது, புழுக்களோ கழிவை வெகு வேகமாகத் தின்று தீர்க்கும். விரும்பாதவர்கள் ஈரத்தைக் குறைத்தால் அவை தாமே விலகும். பூச்சிமருந்து தெளிப்பது மட்டும் கூடவே கூடாது.

அறிகுறி: உரமிட்ட பின் செடியின் இலை மஞ்சளாகிறது

உரம் முதிரவில்லை. முற்றாக மட்காத பொருளை மண்ணில் இட்டால், எஞ்சியுள்ள கார்பனைச் சிதைப்பதற்காக நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். சிறிது உரத்தை ஈரமாகவே ஒரு பையில் காற்றுப்புகாமல் கட்டிச் சில நாள் வைத்துத் திறந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் முதிர்ந்தது. நாற்றம் வந்தால் இன்னும் சில வாரங்கள் விட்டுவைக்க வேண்டும். இலை மஞ்சளாகாமல், தளிர்கள் முறுக்கிக்கொண்டு சுருண்டால் காரணம் வேறு. அமினோபைராலிட் போன்ற சில களைக்கொல்லிகள், அவை தெளிக்கப்பட்ட வைக்கோலின் வழியாகவும் அந்த வைக்கோலைத் தின்ற கால்நடைகளின் சாணத்தின் வழியாகவும் உரத்துக்குள் வந்து, மட்குதலையும் தாண்டி நிற்கும். அப்படிப்பட்ட உரத்தைச் சரிசெய்ய வீட்டளவில் வழியில்லை. வைக்கோலும் சாணமும் எங்கிருந்து வருகின்றன என்று முன்கூட்டியே கேட்பதே ஒரே காப்பு.

அறிகுறி: பிரித்து வைத்த உலர் குப்பையை எடுக்க மறுக்கிறார்கள்

மறுசுழற்சி என்பது நல்லெண்ணத்தால் இயங்குவது அன்று. அடுத்த தொழிற்சாலை விலை கொடுத்து வாங்கக்கூடிய மூலப்பொருளாக ஆகிறதா என்பதால் இயங்குவது. 2018-இல் சீனா, தான் இறக்குமதி செய்யும் கழிவுப் பொருள்களில் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்தபோது, உலகின் பல நாடுகள் அதுவரை மறுசுழற்சி என்று கணக்கில் எழுதிவந்த பொதிகளை அனுப்ப இடமின்றித் தவித்தன. மறுக்கப்படும் உங்கள் மூட்டையின் கதையும் அளவில் சிறியதே தவிர, வகையில் அதுவே.

காகிதத்திலிருந்து தொடங்குங்கள். மறுசுழற்சியில் காகிதத்தை நீரில் கூழாக்கி நாரைப் பிரிக்கிறார்கள். எண்ணெய் ஊறிய காகிதத்தில் எண்ணெய் நாரோடு ஒட்டிக்கொண்டு பிரியாது, புதுத் தாளில் கறையாகவும் ஓட்டையாகவும் வெளிப்படும். அத்தகைய காகிதத்தை உரத்தொட்டிக்கு அனுப்புங்கள். மற்ற காகிதம் நனையாமல் இருந்தால் போதும். ஒரு தாளின் மேல் பிளாஸ்டிக் பூச்சு உண்டா என்று அறிய அதைக் கிழித்துப் பாருங்கள்; ஓரத்தில் மெல்லிய படலம் இழுபட்டு நின்றால் பூச்சு இருக்கிறது. பளபளப்பான உறையைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசக்கியபடியே நின்றால் அலுமினியத் தாள், விரிந்துகொண்டால் உலோகப் பூச்சிட்ட பிளாஸ்டிக். கடைகளில் தரும் வழுவழுப்பான ரசீது வெப்பத்தால் அச்சிடப்படுவது. அதன் மேல் உள்ள வேதிப் பூச்சின் காரணமாக அது காகித மூட்டையிலும் சேராது, உரத்தொட்டியிலும் சேராது.

பிளாஸ்டிக்கில் பலரை ஏமாற்றுவது முக்கோணத்துக்குள் உள்ள எண். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறை அமைப்பு, பிசின் (பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்) வகையை அடையாளம் காட்டுவதற்காக மட்டுமே 1 முதல் 7 வரையிலான இந்த எண்களைக் கொண்டுவந்தது. சுற்றிவரும் அம்புகளோடு அச்சிட்டதால், அந்தக் குறி இருந்தாலே மறுசுழற்சி ஆகிவிடும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. 2013-இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாகத் தரநிலையை மாற்றிய பின்பும் பழைய அச்சுகள் புழக்கத்தில் இருக்கின்றன. பொதுவாக வாங்குவோர் எளிதில் கிடைப்பது 1 (குடிநீர்ப் பாட்டில்கள் செய்யப்படும் பெட்), 2 (அடர்த்தி மிகு பாலிஎத்திலீன்) ஆகியவற்றுக்கும், பல இடங்களில் 5-க்கும் (பாலிபுரொப்பிலீன்). உங்கள் பகுதியில் எவற்றை எடுக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பட்டியலைத் தொட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ‘இதையும் எடுத்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கையில் போடுவதுதான் நல்ல மூட்டைகளைக் கெடுக்கும் முதல் காரணம்.

இது வெறும் கெடுபிடி அன்று. பெட் பாட்டில்களை உருக்க ஏறத்தாழ 260 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்கு வெகு முன்பே, எண் 3-க்குரிய பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளியிட்டு, உருகிய பெட்டைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்துவிடும். நீரில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறையில் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட் மூழ்கும், ஆனால் பி.வி.சி.யும் சேர்ந்து மூழ்குவதால் அங்கேயும் அதைப் பிடிக்க முடியாது. கண்ணாடியிலும் இதே நிலைதான். அடுப்பில் வைக்கக்கூடிய போரோசிலிக்கேட் பாத்திரமும் பீங்கானும் சாதாரணப் பாட்டில் கண்ணாடியின் உருகுநிலையில் உருகாமல் கல்லாக நின்று, புதுப் பாட்டிலில் பலவீனமான இடத்தை உண்டாக்கும்.

கழுவுவது குறித்து ஒரு சொல். பளபளப்பாகத் தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவி மிஞ்சிய நீரில் ஒரு முறை அலசி, கவிழ்த்து உலரவிட்டால் போதும். ஈரத்தோடு மூட்டை கட்டினால், அதில் உள்ள காகிதம் முழுவதும் பாழாகும். பிளாஸ்டிக் பைக்குள் எல்லாவற்றையும் கட்டிப் போடுவதும் தவறு: தரம்பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் பை சுற்றிக்கொண்டு வரிசையையே நிறுத்திவிடும், உள்ளே இருப்பது என்னவென்றும் யாருக்கும் தெரியாது.

அறிகுறி: ‘மட்கும்’ என்று அச்சிட்ட பை மட்கவில்லை

ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 13432 போன்றவை, ஏறத்தாழ 58 டிகிரி வெப்பம் காக்கப்படும் தொழிற்சாலை உரக்கூடத்தில் மட்குவதையே சான்றளிக்கின்றன. உங்கள் தொட்டியில் அந்த வெப்பம் எழுவதில்லை. ஆதலால் பை அப்படியே கிடக்கிறது. வீட்டில் மட்கும் என்று தனியாகச் சான்று பெற்றவற்றை மட்டும் உள்ளே விடுங்கள். தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கால் ஆன கோப்பைகளும் பாட்டில்களும் பெட் போலவே தோற்றமளிக்கும்; அவை மறுசுழற்சி மூட்டையிலும் கேடு விளைவிக்கும், வீட்டு உரத்தொட்டியிலும் மட்காது. ‘ஆக்சோ’ என்ற அடைமொழியோடு விற்கப்படும், சிதைவைத் தூண்டும் வேதிப்பொருள் கலந்த சாதாரணப் பிளாஸ்டிக் பைகளோ நுண்துகள்களாக உதிர்வதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய ஆணையின்படி அவற்றைத் தடை செய்திருக்கிறது.

அறிகுறி: பழைய கைப்பேசியின் மின்கலம் உப்பியிருக்கிறது

இதில் பரிசோதனைக்கு இடமில்லை. உப்பிய லித்தியம் மின்கலத்தைக் குத்தவோ, அழுத்தவோ, மின்னேற்றவோ கூடாது. உலர்ந்த மணல் நிரப்பிய உலோகக் கலத்தில் வைத்து, எரியக்கூடிய பொருள்களிடமிருந்து விலக்கி, மின்கழிவு ஏற்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். உப்பாத மின்கலத்தையும் எந்தக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது: வண்டியில் அழுத்தி நசுக்கும்போது உள்ளே மின்சுற்று குறுகி, காகிதத்துக்கு நடுவே தீப்பிடிக்கும். இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடித் தனியே சேர்த்து வையுங்கள். பொத்தான் அளவுள்ளவற்றைக் குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும்; விழுங்கினால் உணவுக்குழாயை மிக விரைவில் அரித்துவிடும்.

அறிகுறி: துணிப்பைகளும் புட்டிகளும் குவிகின்றன

மறுபயன்பாட்டுப் பொருளை வாங்கிச் சேர்ப்பதையே கழிவுக் குறைப்பு என்று கருதுவதால் வரும் கோளாறு இது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, ஒரு பருத்திப் பை காலநிலைப் பாதிப்பில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பையைவிட மேலானதாக ஆக, 50 முதல் 150 முறை பயன்பட வேண்டும். அலமாரியில் உறங்கும் பத்தாவது பை அந்தக் கணக்கை ஒருபோதும் எட்டாது. புதிதாக வாங்குவதையும் இலவசமாகத் தந்தால் ஏற்பதையும் நிறுத்துங்கள். இருப்பதில் இரண்டை வெளியே கிளம்பும்போது கண்ணில் படும் இடத்தில் மாட்டி வையுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக நடக்கிறது, எடை மட்டும் குறையவில்லை

இதுவே கடினமான அறிகுறி, ஏனென்றால் தொட்டியில் பார்த்துக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போனது என்று கணக்கிட்டது. பிரித்துப் போடும் பழக்கத்தால் மட்டும் இந்த விகிதத்தைப் புரட்டிவிட முடியாது. உள்ளே வருவதைக் குறைத்தாக வேண்டும்.

ஒரு வாரம் ஈரக்கழிவு, மறுசுழற்சிக்குப் போவது, எதற்கும் ஆகாத மிச்சம் என மூன்றையும் தனித்தனியே எடைபோட்டு எழுதுங்கள். உலக வங்கியின் 2018-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஒருவர் நாளொன்றுக்கு உண்டாக்கும் குப்பையின் உலகச் சராசரி 0.74 கிலோகிராம், உங்கள் எண்ணை அதன் அருகே வைத்துப் பார்க்கலாம். எடையும் பருமனும் வேறு வேறு செய்திகளைச் சொல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது பிளாஸ்டிக். தராசில் இறங்குவது பெரும்பாலும் உணவு.

ஆகவே ஈரக்கழிவையே மேலும் பிரியுங்கள்: தோல், கொட்டை, காம்பு போன்ற உண்ண இயலாதவை ஒருபுறம், உண்ணக்கூடியதாக இருந்து வீணானவை மறுபுறம். உலகில் 2022-இல் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணித்திருக்கிறது. இரண்டாம் குவியல் கனத்தால், ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஏன் வீணானது என்று ஒரு சொல் எழுதுங்கள். ‘வாடியது’ என்று அடிக்கடி வந்தால் பழுக்கும் கனிகளைக் கீரைகளோடு சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கனிகள் வெளியிடும் எத்திலீன் வாயு கீரையை விரைவில் முதுமையாக்கும். ‘தேதி கடந்தது’ என்று வந்தால், அது தரம் குறையத் தொடங்கும் தேதியா, பாதுகாப்புக்கான கடைசித் தேதியா என்று உறையைப் படியுங்கள். முந்தையது கடந்த உணவை முகர்ந்தும் பார்த்தும் முடிவு செய்யலாம், பிந்தையது கடந்ததை உண்ணக் கூடாது. ‘மிஞ்சியது’ என்றே திரும்பத் திரும்ப வந்தால் சேமிப்பில் குறையில்லை, அளவில் குறை. அடுத்த முறை வாங்கும் அளவைக் குறையுங்கள்.

மிச்சக் குப்பையின் எடை அசையாமல் இருந்தால், அதில் அதிக முறை தென்படும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அதற்கு மாற்று உண்டா, இல்லாமலே இருக்க முடியுமா, பெரிய அளவில் வாங்கி உறையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஒன்று நிலைபெற்ற பிறகு அடுத்ததை எடுங்கள். பல அடுக்குகளால் ஆன சிறு உறைகள் போன்ற சிலவற்றுக்கு வீட்டளவில் தீர்வே கிடையாது. காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் ஆகியவற்றை ஒன்றாக ஒட்டி விற்பவர் தயாரிப்பாளர். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பும் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அத்தகைய ஏற்பாடு உங்கள் பகுதியில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அவற்றைக் கழுவுவதில் நீரை வீணாக்காமல், மறுசுழற்சி மூட்டையில் கலக்காமல், உலர்ந்தபடியே மிச்சக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.